சாம்பல் போன வழி

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் வெள்ளை ஃபியூஸ் கேரியர் ஒன்று சூளையை விட்டு வெளியே வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். விரிசல் விட்டிருக்கிறதா, கோணியிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா? கடுகளவு பழுப்புப் புள்ளி இருந்தால் அது இரண்டாந்தரம். கொலு பொம்மையின் முகத்தில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தப் புள்ளி மண்ணிலிருந்த இரும்புத் துகளாக இருக்கலாம், சூளைக் கூரையிலிருந்து உதிர்ந்த துணுக்காக இருக்கலாம். விறகும் கரியும் எரித்த காலத்தில் பறந்து வந்து ஒட்டிக்கொண்ட சாம்பலாகவும் இருக்கும்.

ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில் பிசென் நகரைச் சேர்ந்த இம்பே என்ற பகுதியில் சூளை திறக்கும் நாளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஜாடியின் தோளில் சாம்பல் எப்படி விழுந்திருக்கிறது, எங்கே உருகி வழிந்திருக்கிறது, எங்கே உருகாமல் சொரசொரப்பாக நின்றுவிட்டது என்று பார்ப்பார்கள். புள்ளி புள்ளியாகப் படிந்ததை அவர்கள் எள் என்றே அழைக்கிறார்கள். நல்ல எள் விழுந்த ஜாடிக்கு விலை ஏறும். இங்கே கழிவு, அங்கே அணி. இரண்டு ஊர்களுக்கும் இடையில் சாம்பல் எந்த வழியாகப் போய் வந்தது என்று பின்தொடர்ந்தால், அது நம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று இடங்களில் வந்து நிற்கிறது.

முதலில் பிறப்பு. மரமோ நெற்பயிரோ வேர் வழியாகத் தண்ணீரோடு சேர்த்துச் சுண்ணாம்பு, பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ், மணற்சத்து எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. எரிக்கும்போது காற்றிலிருந்து வந்தது காற்றுக்கே போய்விடும். மண்ணிலிருந்து வந்தது மட்டும் அடுப்பில் மிஞ்சும். ஆகவே சாம்பல் என்பது ஒரு நிலத்தின் கனிமக் கணக்கு. வெள்ளாற்றங்கரை வைக்கோலின் சாம்பலில் மணற்சத்து மிகுதி. பெரும்பாலான மரச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. திட்டக்குடிப் பக்கத்து வீடுகளில் கேஸ் அடுப்பு வருவதற்கு முன்பு புளியும் சாம்பலும் வைத்துத்தான் பித்தளைப் பாத்திரம் துலக்கினார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது அதிலிருந்த பொட்டாஷ் காரம். அதே காரம் போதுமான சூட்டில் களிமண்ணைக் கண்ணாடியாக்கும்.

எல்லாச் சிக்கலும் அந்தப் போதுமான சூட்டில்தான் இருக்கிறது. மணற்சத்து தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதோடு சுண்ணாம்பும் அலுமினாவும் சரியான அளவில் கலந்தால் ஏறத்தாழ 1,170 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். மண்ணில் அலுமினாவும் மணற்சத்தும் இருக்கின்றன, சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் இருக்கின்றன. இரண்டும் சந்தித்து, தீயும் அந்த அளவை எட்டினால், யாரும் எதையும் பூசாமலேயே பானைக்குக் கிளேஸ் என்னும் கண்ணாடித் தோல் வந்துவிடும்.

நம் ஊர்க் குயவர் சூளை அந்த அளவை எட்டாது. பானைகளை அடுக்கி, விறகும் வரட்டியும் இட்டு, மேலே வைக்கோல் பரப்பி, சேற்றைக் குழைத்து மெழுகி மூட்டம் போடுகிற சூளையில் 700 முதல் 900 டிகிரி வரை சூடு கிடைக்கும். அங்கே சாம்பல் பானைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும், துணியால் துடைத்தால் போய்விடும். இது குயவரின் கைத்திறக் குறை ஆகாது. ஏரி வண்டல் அதற்கு மேல் தாங்காது. இரும்புச் சத்து மிகுந்த அந்த மண் 1,100 டிகிரியைத் தாண்டினால் உப்பிச் சரிந்துவிடும். தண்ணீர்ப் பானைக்குத் தேவை நுண்துளை. நீர் கசிந்து ஆவியானால்தான் உள்ளே குளிரும். சாம்பல் உருகித் துளையை அடைத்துவிட்டால் சித்திரை வெயிலில் அந்தப் பானையை யார் வாங்குவார்கள்?

ஆக நம் குயவர் சாம்பலைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு நியாயம் இருந்தது. கண்டுகொள்ள வேண்டிய கட்டாயம் சீனத்தில் வந்தது. அங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சூளைகள் உயர் வெப்பத்தை எட்டிவிட்டன. சாம்பல் கிளேஸ் அங்கே பழகிய கலையானது. கொரியத் தீபகற்பம் வழியாக ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் குகைபோன்ற நீள் சூளை ஜப்பானுக்குப் போனது. மலைச் சரிவில் பாதி தோண்டிக் கட்டிய அந்தச் சூளையில் அடியில் தீ, உச்சியில் புகைவாய். தீ மேலேறும்போது சாம்பலையும் இழுத்துக்கொண்டு பானைகளின்மேல் வீசும். அன்று அதை யாரும் அழகென்று வைக்கவில்லை. சூளையின் இயல்பு, விழுந்தது விழுந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ போன்ற தேநீர்ச் சடங்கு ஆசான்கள் விதை வைக்கிற குடியானவர் ஜாடியை எடுத்துத் தேநீர் அறைக்குள் வைத்தார்கள். விபத்துக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

பிசென் மண்ணை வயலுக்கு அடியில் தோண்டி எடுக்கிறார்கள். மேல்மண்ணை நீக்கிச் சில மீட்டர் ஆழம் போனால், பழைய செடிகொடிகள் மக்கிக் கறுத்த, பசைபோல் ஒட்டுகிற களிமண் அடுக்கு வரும். எடுத்தவுடன் வனைய மாட்டார்கள். வெயிலிலும் மழையிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கவிட்டுப் பதம் வந்த பிறகே சக்கரத்தில் ஏற்றுவார்கள். இந்த மண் காயும்போது நிறையச் சுருங்கும். பூசுகிற கிளேஸ் அதன்மேல் நிற்காமல் உரிந்துவிடும். பூசாமல் சுடுவது அங்கே கொள்கையாக வந்ததற்கு முன்பு மண்ணின் பிடிவாதத்தால் வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இசெசாகி ஜுன் 1936இல் இம்பேயில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். 1961இல் அண்ணன் மித்சுருவோடு சேர்ந்து, வழக்கொழிந்து போயிருந்த இடைக்காலக் குகைச் சூளையை மறுபடி கட்டி எரித்தார். 2004இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. பிசென் மண்பாண்டத்துக்காக அந்தச் சிறப்பைப் பெற்ற ஐந்தாமவர் அவர். சிற்பம் போன்ற கோணலான, கறுத்த, நவீன வடிவங்களையும் செய்தவர். பழைய சூளையைக் கட்டினார் என்பதால் பழைய ஜாடியையே திரும்பச் செய்தவர் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தச் சூளையில் எரிப்பது செம்பைன் விறகு. பிசின் மிகுந்த மரம், நீண்ட சுடர் விடும். பத்து நாள், இரண்டு வாரம் என்று இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் விறகு போடுவார்கள். சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும், அவசரப்பட்டால் அந்த மண் வெடித்துவிடும். தீவாய்க்கு அருகில் இருக்கும் ஜாடிக்குச் சாம்பல் கட்டி கட்டியாக விழும். நடுவில் இருப்பதற்கு எள் தூவியது போல. தரையில் தணலில் புதைந்தது காற்று கிடைக்காமல் நீலச் சாம்பல் நிறமாகும். ஒரு ஜாடியின்மேல் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் அந்த வட்டத்தில் சாம்பல் படாமல் சிவந்த நிலா மிஞ்சும்.

இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது வைக்கோல். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாத்திரங்களுக்கு நடுவே வைக்கோல் சுற்றி அடுக்கினார்கள். எரிந்துபோன வைக்கோலின் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து, வெளிறிய உடம்பில் குங்குமச் சிவப்புக் கோடுகளை விட்டுச் சென்றது. இன்று அந்தக் கோட்டுக்காகவே வைக்கோல் சுற்றுகிறார்கள். சாம்பல் படாத மூலையில், சில சமயம் மூடிய பெட்டிக்குள் வைத்துச் சுடுகிறார்கள். நம் சூளையை மூடும் அதே வைக்கோல்தான். இங்கே 800 டிகிரியில் அது ஒரு கோடும் போடாது.

இயற்கையிடம் தன்னை ஒப்படைத்துவிட்ட குயவன் என்று இவர்களைப் பற்றி எழுதுவது வழக்கம். நான் அப்படி நம்பவில்லை. எந்த ஜாடி எந்த இடத்தில், எந்தப் பக்கம் தீயைப் பார்த்து, எது எதை மறைத்து நிற்க வேண்டும் என்று அடுக்குவதற்கே நாள்கள் ஆகின்றன. தீ போகிற பாதையை ஜாடிகளாலேயே வாய்க்கால் வெட்டுகிறார்கள். அத்தனை கணக்கும் போட்ட பிறகு கடைசிப் பங்கைச் சாம்பலுக்கு விடுகிறார்கள். ஊர் இயற்கையை மட்டுமே தொழுதுகொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் உலோகம் தீர்ந்தபோது பிசென் சூளைகளில் பீங்கான் கையெறி குண்டுகளுக்கும் உடல் செய்து கொடுத்தார்கள். அப்புறம் அந்தச் செம்பைன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நுண்புழு ஜப்பானின் பைன் காடுகளை இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் காயவைத்தது. விறகு அரிதாகி விலை ஏறிவிட்டது. சூளை எரிப்பதே காட்டுக்கு ஒரு செலவு. குயவர்கள் அதை நன்றாக அறிவார்கள், ரசிகர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

இம்பேயிலிருந்து சாம்பலின் அறிவு நம் கடற்கரைக்கு வந்தது ஒரு அமெரிக்கப் பெண்ணின் வழியாக. டெபோரா ஸ்மித் ஜப்பானிய மொழி படித்தவர். பிசெனில் யமமோதோ தோஷுவிடம் தொழில் கற்றார். தோஷு சக்கரத்தில் வனைவதற்குப் பேர்போனவர், பிறகு 1987இல் வாழும் தேசியச் செல்வமானவர். மஷிகோ ஊரில் குயவர் ஹமாதா ஷோஜியைப் பற்றி சூசன் பீட்டர்சன் நூல் எழுதப் போனபோது டெபோராதான் மொழிபெயர்ப்பாளர். அங்கிருந்து புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தவர், 1971இல் ரே மீக்கரோடு சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் விறகுச் சூளை வைத்து ஸ்டோன்வேர் எனும் கல்மண் பாண்டம் செய்யும் ஒரு மரபு அங்கிருந்து கிளைத்தது. ஆரோவில்லிலும் அதைச் சுற்றியும் இன்று சக்கரம் சுழற்றும் பலர் அந்தப் பட்டறையில் பழகியவர்கள், அல்லது அவர்களிடம் பழகியவர்கள். ரே மீக்கர் ஒரு படி மேலே போய், எண்பதுகளில் பச்சை மண்ணால் வீடு கட்டி, உள்ளே செங்கல் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்.

புதுச்சேரிக்குச் செம்பைன் கிடையாது. கிடைத்தது சவுக்கு. ஊசி ஊசியாக இலைபோலத் தெரிவதால் பைன் இனம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. அந்த ஊசிகள் இலைகளே அல்ல, கணுக்கணுவான பச்சைத் தண்டுகள். பிசின் குறைவு, ஆனால் கட்டை கனம், சூடு அதிகம், தணல் நெடுநேரம் நிற்கும். ஜப்பானில் கற்ற தீயை இந்த விறகுக்கு ஏற்றபடி திரும்பக் கற்க வேண்டியிருந்தது. சாம்பலும் வேறு, அது தரும் நிறமும் வேறு. பைன் சாம்பலுக்கு எழுதிய கணக்கை அப்படியே சவுக்குச் சாம்பலில் போட்டால் வேலைக்கு ஆகாது.

சவுக்கும் வந்தேறிதான். தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் அதன் தாய்நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி விறகுத் தேவைக்காகக் கடற்கரை மணலில் பரப்பியது. வேரில் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரை வைத்துக்கொண்டு வெறும் மணலிலும் வளர்ந்துவிடும். நாலைந்து வருடத்தில் வெட்டலாம். கடலூர்க் கரையோர விவசாயிகளுக்கு அது வங்கிக் கணக்கு மாதிரி. சாரத்துக்கும் பந்தலுக்கும் போகிறது, காகித ஆலைக்கு டன் கணக்கில் போகிறது, மிஞ்சிய சுள்ளி விறகாகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பலாவும் முந்திரியும் சவுக்கும் ஒரே இரவில் படுத்துவிட்டன. கண்டவர் எவரும் காற்றை அழகான இயற்கை என்று சொல்ல மாட்டார்.

இனி விருத்தாசலம். திட்டக்குடியிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் வந்துவிடும். அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி, செராமிக் தொழிற்பேட்டை, டான்செம் நிறுவனத்தின் கல்மண் குழாய் ஆலை என்று இந்தத் தொழில் இங்கே ஊன்றியதற்குப் பக்கத்து மண் ஒரு முக்கியக் காரணம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அடுக்கோடு சேர்ந்தே வெள்ளைக் களிமண்ணும் பால் கிளேயும் தீமண்ணும் கிடைக்கின்றன. நிலக்கரியோடு கிடந்த களிமண்ணில் மக்கிய தாவரச் சத்து கலந்து கறுத்திருக்கும், கையில் நன்றாக இழையும். சுட்டால் அந்தக் கறுப்பு எரிந்து போய் வெளுத்துவிடும். இம்பே வயலடி மண்ணுக்கும் இதற்கும் வயதில் பெரும் இடைவெளி. ஆனால் இழைவு வந்த வழி ஒன்றுதான்.

விருத்தாசலம் இந்த மண்ணை எடுத்துக்கொண்டு இம்பேக்கு எதிர்த்திசையில் போனது. மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் மோல்டில் ஊற்றுவது, ஆயிரம் பொம்மையும் ஒரே முகத்தோடு வருவது, கிளேஸை முக்கி எடுப்பது. விறகோ கரியோ எரிந்த நாளில் சரக்கை அனல் தாங்கும் மண்பெட்டிகளுக்குள் வைத்து மூடிச் சுடுவதுதான் பீங்கான் தொழிலின் முறை. தீ வேண்டும், அதன் சாம்பல் வேண்டாம். எண்ணெய்க்கும் கேஸுக்கும் மாறிய பிறகு அந்தப் பகையும் தீர்ந்தது. இதை ரசனைக் குறைவென்று பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஃபியூஸ் கேரியரை வாங்குகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வீட்டு மெயின் பலகையில் தனித்துவத்துக்கு என்ன வேலை? தேநீர் ஆசான்கள் இல்லாத ஊரில் மின்வாரியம்தான் ரசிகர்.

ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு. இம்பே ஜாடிக்கு இந்தப் பக்கத்துச் சரக்குகளில் நெருங்கிய உறவு எதற்கென்றால், சாக்கடைக் கல்மண் குழாய்க்குத்தான். அந்தக் குழாய்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 651. அதன் 1992 பதிப்பின் தலைப்பிலேயே உப்பு கிளேஸ் இருக்கிறது. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது சாதாரண உப்பை அள்ளித் தீக்குள் வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதன் சோடியம் சூளை முழுக்கப் பறந்து, குழாயின் மணற்சத்தோடு கூடிப் பழுப்பாகப் பளபளக்கும் கண்ணாடித் தோலாகிறது. பூச்சு இல்லை, தூரிகை இல்லை. தீயில் பறந்து வருவது மண்ணில் ஒட்டி உருகுகிறது. சாம்பல் செய்கிற அதே வேலையை உப்பு செய்கிறது. அதே உப்பு முறையில் சுட்ட பாண்டங்கள் புதுச்சேரியில் கண்காட்சிக் கூடங்களில் நிற்கின்றன. இங்கே குழாய்கள் தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. இரண்டும் ஆயுசுக்கும் இற்றுப்போகாது.

திட்டக்குடிப் பக்கம் பானை வனைகிறவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் தூரத்து ஒலி. அவர்களுடைய கவலை மண் எடுக்கும் அனுமதி. கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரி போன்ற நீர்நிலைகளில் ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படிகிறது. தொழுதூரில் வெள்ளாற்றை மறித்து வாய்க்கால் வழியே நீர் கொண்டுவந்து நிரப்பும் அந்த ஏரி 1913க்கும் 1923க்கும் இடையில் கட்டப்பட்டது. ஏரி, குளங்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பானை காயாது, சூளை நனையும். அந்த மாதங்களுக்கென்றே மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் வைத்திருக்கிறது அரசு. இயற்கையோடு இணைந்த தொழில் என்பதற்கு அரசுக் கோப்பில் இருக்கிற வடிவம் இது. இம்பே குயவர் மழையில் மண்ணைப் பதப்படுத்துகிறார், நம்மவர் மழையில் கூலி இழக்கிறார்.

சாம்பல் கடைசியாக நிற்கிற இடம் நெய்வேலி. புதையுண்ட காடு பழுப்பு நிலக்கரியாகி, 1962இலிருந்து அனல் மின் நிலையங்களில் எரிகிறது. அத்தனை பழைய மரங்களின் சாம்பலும் புகைக்கூண்டு வழியே போய்விடாமல் உயர் மின்னழுத்தக் கம்பிகளால் மின்னேற்றித் தகடுகளில் இழுத்துப் பிடிக்கிறார்கள். அந்தக் கம்பிகளைத் தாங்கி நிற்பவை பீங்கான் இன்சுலேட்டர்கள். பிடித்த சாம்பல் சிமென்ட்டுக்கும் சாம்பல் செங்கல்லுக்கும் போகிறது. சாதாரண நிலக்கரிச் சாம்பலைவிட நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். கிளேஸுக்கு வேண்டியது அதுதான். கந்தகமும் கூடவே இருப்பதால் கொப்புளம் போடும், முதலில் கழுவியோ சுட்டோ அதைப் போக்க வேண்டும். இரும்பு இருப்பதால் வெள்ளை வராது. தேன் நிறமோ ஆலிவ் பச்சையோ வரக்கூடும். விருத்தாசலம் கல்லூரியில் உயர் வெப்பச் சூளை இருக்கிறது, கிளேஸ் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சாம்பல் லாரிகள் நெய்வேலியிலிருந்து நாள்தோறும் புறப்படுகின்றன. நெய்வேலிச் சாம்பல் பாதி, பால் கிளே பாதி என்று தொடங்கி, ஒவ்வொரு சோதனை வில்லையிலும் பத்துப் பத்தாகக் கூட்டிக் குறைத்து, 1,250 டிகிரியில் ஒரு அடுக்கு சுட்டுப் பார்த்தால் ஒரு பருவத் தேர்வுக்குள் விடை தெரிந்துவிடும்.